அப்பாவின் கிளாஸில் நீ ஊற்றிய வைன்

மகன்,

அன்புள்ள என்று எழுதித் தொடங்கத்தான் கொப்பியை எடுத்தேன். அந்தச் சொல் இன்றைக்கு வரமாட்டேன் என்கிறது. அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடக் கோபம் கூட. அதை மறைத்துக்கொண்டு எழுதினால், "அம்மா சும்மா புறுபுறுக்கிறா" என்று நீ பாதியில் வைத்துவிடுவாய். போனில் சொல்லலாம் என்றால் இடையில் புகுந்து, சிரித்து, பகிடி விட்டு, கடைசியில் நானே உன்னிடம் மன்னிப்புக் கேட்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிடுவாய். அந்தக் கெட்டித்தனம் சின்ன வயதிலேயே உனக்கு இருந்தது. கடிதத்தில் நீ இடையில் புக ஏலாது. தங்கச்சி இதைப் படம் பிடித்துப் போனில் அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். தபாலில் வரட்டும். கையில் பிடித்து வாசி.

போன ஞாயிறு நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று தரம் கேட்டேன். புரட்டாதியில் உன் கல்யாணம். மண்டபம் பிடித்தாயிற்று, பெண் வீட்டுக்காரருக்கும் சம்மதம். எல்லாம் சந்தோசம். அதற்குப் பிறகு சொன்னாய், கேக் வெட்டினவுடன் கொடுக்கிற அந்தப் பழைய இனிப்பு வைன் வேண்டாமாம். நீளமாக ஒரு மேசை போட்டு, வெள்ளை, சிவப்பு என்று நாலு வகை வைத்து, வருகிற ஆட்களுக்கு நீயே நின்று ருசி பார்க்கச் சொல்லிக்கொடுக்கப் போகிறாயாம். "முதல் கிளாஸ் அப்பாவுக்குத்தான் அம்மா. அவருக்குத்தான் நல்ல நாக்கு." அதைச் சொல்லும்போது உன் குரலில் எவ்வளவு பெருமை. நான் போனை அரிசி டின்னுக்கு மேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் குசினியில் நின்று அழுதேன். எனக்கு ஆத்திரம் வந்தால் கண்ணீர்தான் வரும் என்று உனக்குத் தெரியும்.

நீ சிரித்த அந்த வைனைப் பற்றி முதலில் சொல்கிறேன். எங்களுக்கு வைன் என்றால் கல்யாண வீட்டில் கேக் துண்டோடு தட்டில் வருவது. கட்டைவிரல் அளவுக் கிளாஸ், கறுத்த சிவப்பு நிறம், சீனிப்பாணி போல இனிப்பு. வீட்டிலும் ஒரு போத்தல் அலுமாரிக்குள் இருக்கும். நத்தார்ப் பெருநாளுக்கு எடுப்போம், புது மாப்பிள்ளையும் பொம்பிளையும் விருந்துக்கு வந்தால் எடுப்போம். ஒரு போத்தல் இரண்டு நத்தாரைக் கண்டுவிடும். மீன் நல்லதா என்று கேட்போம், பாண் சூடா என்று கேட்போம். வைன் நல்லதா என்று ஒருவரும் கேட்டதில்லை. கிளாஸை உயர்த்தி, வாழ்த்துச் சொல்லி, உதட்டில் வைத்து எடுத்தால் சரி. குடித்தாயா இல்லையா என்று பார்க்கிற ஆள் கிடையாது. உன் அப்பா இருபத்தொரு வருடம் அப்படித்தான் சமாளித்தார். எல்லாரோடும் சேர்ந்து கிளாஸை உயர்த்துவார், உதட்டுக்குக் கிட்டக் கொண்டுபோவார், பிறகு கதைத்துக்கொண்டே மேசைக்குக் கீழால் என் கைக்கு மாற்றிவிடுவார். நான் என்னுடையதையும் குடித்து அவருடையதையும் குடிப்பேன். கண்டவர்கள் இருப்பார்கள். ஒருவரும் வாய் திறந்ததில்லை. அது ருசியில்லை என்று எனக்கும் தெரியும் மகன். நாங்கள் அதை ருசிக்காகக் கையில் எடுக்கவில்லை.

போன தை மாதம் தங்கச்சியின் கல்யாணத்துக்கு ஏழு வருடத்துக்குப் பிறகு நீ வந்தாய். மாமா எடுத்த விசாவில் இத்தாலிக்குப் போய், சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, பிறகு மேசைக்குப் பரிமாறி, பிறகு வைனைப் பற்றிப் படித்துச் சான்றிதழும் வாங்கின பிள்ளை. துவாய்க்குள் சுற்றிக் கொண்டுவந்த நாலு போத்தலையும், பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி மேசையில் வைத்தாய். கொழும்பில் இறங்கின கையோடு பெரிய கிளாஸ் ஆறும் வாங்கியிருந்தாய், ஒவ்வொன்றும் தேங்காய்ச் சிரட்டை அளவு. அடுத்த நாள் மத்தியானம் விளைமீன் பொரியலும் கணவாய்க் கறியும் வைத்தேன். மீன் பெட்டி ஐஸுக்குள் புதைத்து வைத்திருந்த வெள்ளை வைனை எடுத்து நீ திறந்தாய். "அம்மா, அலுமாரிக்குள்ள நீங்க வச்சிருக்கிறது வைன் இல்ல. இருமல் பாணி" என்றாய். தங்கச்சி சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். உன்னுடையதை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நாவல் பழம் தின்ற மாதிரி நாக்கு இழுத்துக்கொண்டது. அது என் நாக்குப் பழகாததால் என்றாய். இருக்கலாம்.

அப்பாவின் கிளாஸை எடுத்தபோது அவர் அதன் வாயைக் கையால் மூடினார். "எனக்கு வேணாம் மகன்."

"குடிக்க வேணாம் அப்பா. சும்மா மணந்து பாருங்க. என்ன மணக்குது எண்டு சொல்லுங்க, காணும்."

அவர் மணந்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். "மழைக்கு முந்தி மண் மணக்குமே, அந்த மாதிரி" என்றார். திரும்ப மணந்துவிட்டு, "பிறகு பச்ச எலுமிச்சந் தோல்" என்றார்.

நீ மேசையில் அடித்துக் கத்தினாய். "அம்மா, கேட்டீங்களா? இதச் சொல்லப் பழக எனக்கு ஆறு மாசம் போச்சு! இப்ப ஒரு சொட்டு நாக்கில வச்சுப் பாருங்க அப்பா."

அந்த நிமிடத்தில் நான் மேசையைக் கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லை. காரணத்தையும் எழுதிவிடுகிறேன். உன் அப்பாவிடம் வாழ்நாளில் ஒருவரும் எதையும் பற்றி, உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டதில்லை. மீன் எடுக்கிறவன் எத்தனை கிலோ என்று கேட்பான், நான் என்ன கறி வைக்க என்று கேட்பேன், அவ்வளவுதான். படித்த மகன் வெளிநாட்டிலிருந்து வந்து, அவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு எழும்பி நின்று கத்துகிறான். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டு எத்தனையோ வருடம். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் ஒரு வாய் குடித்தார். பிறகு இன்னொரு வாய்.

மூன்றாம் நாள் குசினியில் வைத்து உன்னிடம் சொன்னேன். மறந்திருப்பாய், எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"அப்பாக்கு இனி ஊத்தாத மகன்."

"ஏன் அம்மா?"

"அவருக்கு ஒத்துவராது."

"அது சாராயம் அடிக்கிற ஆக்களுக்கு அம்மா. இது சாராயம் இல்ல, சாப்பாடு. அங்க எண்பது வயசுக் கிழவங்க மத்தியானம் ஒரு கிளாஸ் குடிச்சிட்டுச் சைக்கிள் ஓடுறாங்க. நம்மட ஆக்களுக்குத்தான் அளவு தெரியாது. ஒண்டில் தொடமாட்டாங்க, இல்லாட்டி விழுற மட்டும் குடிப்பாங்க. இயேசுவே கானாவூர்க் கல்யாணத்தில என்ன செஞ்சார்? தண்ணிய இருமல் பாணியாவா மாத்தினார்?"

சிரித்துக்கொண்டே என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாய். கானாவூர்க் கல்யாணத்துக்கு உன் அப்பாவைக் கூப்பிட்டிருக்கவில்லை மகன். அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

கல்யாண மண்டபத்தில் நீ மைக்கைப் பிடித்தாய். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, கையில் அந்தப் பெரிய கிளாஸோடு, அப்பாவுக்கு ஒரு வாழ்த்துச் சொல்லப்போகிறேன் என்று தொடங்கினாய். உனக்கு ஆறு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு உச்சமுனைத் தீவுக்குப் போய்த் திரும்பி வரும்போது நடுக் களப்பில் அவர் வெயில் மயக்கத்தில் விழுந்ததையும், போட் காற்றுக்கு இழுபட்டுப் போனதையும், நீ உன் சேட்டைக் கழற்றி அவர் முகத்தை மூடிவிட்டு ஆறு மணித்தியாலம் காவல் இருந்ததையும் சொன்னாய். "எனக்குப் பயம் வரல்ல. ஏனெண்டா அப்பா பக்கத்தில இருந்தார்" என்று முடித்தாய். பாதிச் சனம் கண்ணைத் துடைத்தது. எல்லாரும் எழும்பிக் கிளாஸை உயர்த்தினார்கள். நான் மேசைக்குக் கீழால் வழக்கம்போலக் கையை நீட்டிக்கொண்டு இருந்தேன். அவர் தரவில்லை. நிறைத்து ஊற்றிய அந்தச் சிவப்பு வைனை, கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிக்கிற மாதிரி ஒரே மூச்சில் குடித்தார். சனம் கை தட்டியது. பக்கத்து மேசையில் சோடாவோடு இருந்த, அப்பாவோடு கடலுக்குப் போகிற சாபி நானா கிளாஸை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மண்டபத்தை விட்டுப் போகும்போது என்னிடம் வந்து, "தங்கச்சி, மவன்ட கையால வாங்கிக் குடிச்சிட்டான். இனி ஆரு தடுக்கிறது?" என்றார்.

சாபி நானாவுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது. அது என் பிழை. இப்போது சொல்கிறேன், வாசி. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து தில்லையடியில் குடியிருந்த அவர் அந்தக் காலத்தில் நம் கரையில்தான் மீன் பிடிக்கத் தங்குகிற வாடி போட்டிருந்தார். அன்றைக்கு உங்கள் போட்டைக் கண்டுபிடித்துக் கட்டி இழுத்து வந்தவர் அவர்தான் என்பது உனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கு வெயில் மயக்கம் இல்லை. பூசை முடிந்து உச்சமுனைக்குப் போன இடத்தில் குடித்து, போட்டிலும் குடித்து, நினைவில்லாமல் கிடந்தார். அவர் காலடியில் இரண்டு சாராயப் போத்தல் கிடந்தன. கரையில் நின்ற சனம் காணமுந்தி அவற்றைத் தண்ணிக்குள் எறிந்தவர் சாபி நானா. அந்த ஒரு நாள் மட்டுமில்லை. நீ பிறக்கமுந்தியே தொடங்கின குடி. காய்ச்சல், களைப்பு, கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒவ்வொரு நாளும் உனக்கு ஒரு காரணம் சொன்னேன். அன்றைக்கு உன் உதடு வெடித்து, முதுகுத் தோல் வெந்து சிவந்திருந்தது. வந்தவுடன் நீ கேட்டது தண்ணிகூட இல்லை. "அம்மா, நான் அப்பாவுக்குக் காவல் இருந்தன், பாத்தீங்களா?" என்றாய். அதை உன்னிடமிருந்து பறிக்க எனக்குத் துணிவு வரவில்லை. வெயில் மயக்கம் என்று சொன்னேன். சாபி நானாவையும் சொல்லவைத்தேன். அடுத்த கிழமை உன் அப்பா தலவில அன்னம்மாள் கோயிலுக்கு நடந்தே போய் நேர்ந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு தொடவில்லை. நீ மைக்கைப் பிடிக்கும் வரை, அந்த நாளைப் பற்றி அவர் முன்னால் ஒருவரும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

இது வரைக்கும் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரியாமல் செய்தாய். இனி எழுதப்போவதற்குத்தான் கோபம்.

திரும்பிப் போகும்போது மிச்சம் இரண்டு போத்தலை அப்பாவிடம் கொடுத்து, "நாளைக்கு ஒரு கிளாஸ் அப்பா, நெஞ்சுக்கு நல்லம்" என்றாய். நாலு நாளில் இரண்டும் முடிந்தன. ஐந்தாம் நாள் பகல் பதினொரு மணிக்கு நான் வேலை செய்கிற பாலர் பாடசாலையிலிருந்து வந்தபோது, நீ வாங்கின பெரிய கிளாஸில் ஊற்றி வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். முதலில் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தார், நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே சுழற்றி. சாராயம் மகன். சாராயத்தைச் சுழற்றி மணந்து குடித்தார். அந்தக் காட்சியை நான் சாகும் மட்டும் மறக்கமாட்டேன்.

மாசி மாதம் உனக்குப் போன் எடுத்தேன். இந்த முறை நான் மறைக்கவில்லை. "அப்பா திரும்பக் குடிக்கிறார் மகன்" என்றேன்.

"என்ன குடிக்கிறார்?"

"சாராயம்."

"அதுதான் பிரச்சின. நல்லது கிடைக்காதபடியாத்தான் கெட்டதுக்குப் போறார். நீங்க பழைய ஆக்கள் அம்மா, எல்லாத்தையும் பெரிசாக்குவீங்க. அளவோட குடிக்கப் பழக்கோணும், அவ்வளவுதான். நான் அனுப்பிவிடுறன்."

"திரும்ப" என்று சொன்னேன். திரும்ப என்றால் என்ன அம்மா, எப்போது குடித்தார் முதல், என்று நீ கேட்கவில்லை. இருபத்தெட்டு வயது மனிசனுக்கு அந்தச் சொல் விளங்காதா? விளங்கியிருக்கும். கேட்டால் நீ அங்கே படித்த அருமையான படிப்புக்கு எங்கள் வீட்டில் இடமில்லை என்று ஆகிவிடும். அதனால் கேட்கவில்லை. இரண்டு கிழமையில், லீவில் வந்த உன் கூட்டாளி மூன்று போத்தலோடு வாசலில் நின்றான். அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, மூன்றையும் பின்வளவு மணலில் ஊற்றினேன். உன் அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மகன் அனுப்பியதை நான் ஊற்றியதாக இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஊற்றி என்ன, சாராயம் எங்கும் கிடைக்கும்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து அடுத்த கிழமை கால் உடைந்தது. கரையில் வழுக்கி விழுந்தார் என்று உனக்குச் சொன்னேன். அது இரண்டாவது பெரிய பொய். காலையிலேயே குடித்திருந்தார். சாபி நானா மணத்தைக் கண்டு, "இந்த நெலையில உன்ன நான் போட்டில ஏத்த மாட்டன், ஊட்டுக்குப் போ" என்று சொல்லியிருக்கிறார். ஏறத்தான் போகிறேன் என்று இவர் பாய்ந்திருக்கிறார். அலைக்கு எழும்பிய போட்டுக்கும் பக்கத்துப் போட்டுக்கும் நடுவில் விழுந்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. கம்பி வைத்துக் கட்டினார்கள். இனி அந்தக் காலோடு போட் தள்ள ஏலாது. ஐம்பத்தெட்டு வயதில் உன் அப்பாவின் கடல் முடிந்தது. ஆஸ்பத்திரி விறாந்தையில் சாபி நானா என் பக்கத்தில் நின்று, "நான் ஏத்திக்கிட்டுப் போயிருந்தா மய்யத்தாத்தான் கொண்டு வந்திருப்பன் தங்கச்சி" என்று சொல்லிச் சின்னப் பிள்ளை போல அழுதார். நீ அன்றைக்கு, "மணலில வழுக்காத செருப்பு அனுப்பவா?" என்று கேட்டாய்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் தொடவில்லை. மூன்று மாதம் ஆகிறது. வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கோயிலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில், குடியை விட்டவர்கள் கூடுகிறார்கள். பன்னிரண்டு பதின்மூன்று பேர். ஊன்றுகோலோடு போகிறார். மாதத்தில் ஒரு நாள் வீட்டாக்களும் பின்வரிசையில் இருக்கலாம். போன மாதம் நான் போனேன். அதை நடத்துகிறவர் முந்தி பஸ் ஓட்டினவர், சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"இருபத்தொரு வருசம் தொடாம இருந்திருக்கிறீங்க. முதல் கிளாஸ ஆர் தந்தது?"

"ஒருத்தரும் தரல்ல. நானே எடுத்துக் குடிச்சன்."

"மகள்ட கல்யாணத்தில எண்டு சொன்னீங்க?"

"ஓம். சந்தோசத்தில குடிச்சன்."

நான் கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டேன். உன் அப்பா திரும்பி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது ஆட்டோவில் வைத்துக் கேட்டேன், ஏன் அவன் பெயரைச் சொல்லவில்லை என்று. "அவன் பிள்ள" என்றார். "அவனுக்கு இருபத்தெட்டு வயசு" என்றேன். "அவனுக்கு ஆறு வயசில நான் செஞ்சதுக்கு, இது ஒண்டுமில்ல" என்றார்.

மகன், எனக்கு உன்மேல் இருக்கிற கோபத்தில் பாதி அந்த ஒரு வசனத்தால் வந்தது. அந்த மனிதர் தன் காலையும் கடலையும் கொடுத்துவிட்டு, அதுதான் நியாயம் என்று வாயை மூடிக்கொண்டு இருக்கிறார். நான் இரண்டு பெரிய பொய் சொல்லி உன்னை நல்ல பிள்ளையாகவே வைத்திருந்தேன். எங்கள் இரண்டு பேருடைய மௌனத்துக்கு மேல் நின்றுகொண்டுதான் நீ எங்களுக்கு அளவு படிப்பித்தாய். உன் நாக்கு உன்னுடையது. நீ அங்கே உழைக்கிற தொழிலை நான் குறை சொல்லவில்லை. நல்ல வைன் எது, கெட்டது எது என்று உலகத்துக்கே சொல்லிக்கொடு. ஆனால் ஒருவன் கையால் கிளாஸை மூடினால், அந்தக் கைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்காமல், அதை எடுத்துவிட்டு ஊற்றுகிற படிப்பு எனக்கு வேண்டாம்.

உன் மேசை போடப்படாது. நேற்று பொம்பிளையின் தாயோடு கதைத்தேன். அவவிடம் முழுவதும் சொன்னேன், முதல் தரமாக வெளியாள் ஒருவரிடம். கேக்கோடு தோடம்பழச் சாறு கொடுப்போம் என்று இரண்டு பேரும் முடிவெடுத்தோம். பழைய இனிப்பு வைனும் இல்லை. உனக்குக் கோபம் வரும். வரட்டும். உன் மனைவியாக வரப்போகிறவளுக்கு நீயே சொல்லு. அவள் பிறரிடமிருந்து கேட்கக்கூடாது. நான் செய்த பிழையை உன் வீட்டில் தொடங்காதே.

டிக்கெட்டை ஒரு கிழமை முந்திப் போடு. கல்யாணத்துக்கு முந்தின வியாழக்கிழமை வீட்டாக்கள் வரலாம் என்று கேட்டு வைத்திருக்கிறேன். நீ வருவாய். பின்வரிசையில் என்னோடு இருக்கவேண்டாம், அவர் பக்கத்தில் இரு. அதை நடத்துகிறவர் புது ஆட்கள் வந்தால் எல்லாரிடமும் முதலிலிருந்து கேட்பார், அது அவர் வழக்கம். முதல் கிளாஸை ஆர் தந்தது என்று உன் அப்பாவிடம் திரும்பவும் கேட்பார். இவர் திரும்பவும் அதே பொய்யைச் சொல்வதற்கு வாயைத் திறப்பார். அதற்கு முந்தி நீ எழும்பு.

அம்மா